ஒரு கம்ப்யூட்டர், மூன்று திரை

உசிலம்பட்டி தேனி ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஒரே கம்ப்யூட்டர். பட்டா, சாதிச் சான்று என்று விண்ணப்பிக்க வருகிறவர்கள் மேஜைக்கு மேல் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். அவர்கள் பக்கம் ஒரு மானிட்டர் இருந்தால், பெயரில் எழுத்துப் பிழை விழுந்ததை அவர்களே சொல்லிவிடுவார்கள். ஆதார் பதிவு மையங்களில் நம் பக்கம் ஒரு திரையைத் திருப்பி வைத்திருப்பது இதற்காகத்தான். கூடவே சுவரில் ஒரு டிவியை மாட்டிக் கட்டண விவரத்தைப் போட்டுவிட்டால், "எவ்வளவுண்ணே ஆகும்?" என்ற கேள்வியும் குறையும்.

கேபிள் வாங்கப் போகும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: எந்தத் திரையில் எது தெரிய வேண்டும்? உங்கள் திரையில் உள்ளதே அப்படியே தெரிய வேண்டுமென்றால் அது 'டூப்ளிகேட்'. வேறொன்று தனியாகத் தெரிய வேண்டுமென்றால் அது 'எக்ஸ்டெண்ட்'. எதிரில் இருப்பவர் பார்க்கும் மானிட்டருக்கு டூப்ளிகேட். சுவர் டிவிக்குக் கண்டிப்பாக எக்ஸ்டெண்ட். இல்லையென்றால் ஒருவருடைய ஆதார் எண்ணை வரிசையில் நிற்கும் எல்லாரும் படிப்பார்கள். பலர் பணத்தை விடுவது இங்கேதான். கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்பிளிட்டர், ஒரே படத்தை எல்லாத் திரைக்கும் பிரித்து அனுப்பும். தனித்தனிப் படம் அதில் வராது. தனிப் படத்துக்குக் கம்ப்யூட்டரிலேயே தனி போர்ட் வேண்டும்.

சிபியுவின் பின்பக்கத்தைப் பாருங்கள். பதினைந்து துளையோடு, பெரும்பாலும் நீல நிறத்தில் இருப்பது விஜிஏ. 1987-இல் வந்தது, படம் மட்டும் போகும், ஒலி போகாது. இரண்டு கீழ்முனையும் சரிந்திருந்தால் எச்டிஎம்ஐ. ஒரு முனை மட்டும் வெட்டியிருந்தால் டிஸ்ப்ளே போர்ட். இவை இரண்டிலும் ஒலியும் போகும். தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால், கீழே படுக்கைவாட்டில் இருக்கும் அதன் போர்ட்டுகளில் செருகுங்கள். கார்டு வந்ததும் மதர்போர்டின் போர்ட்டுகள் பல கம்ப்யூட்டர்களில் தானாக அணைந்துவிடும்.

கார்டு இல்லாத பழைய கம்ப்யூட்டரில் இன்னொரு வரம்பு உண்டு. 2012-இல் வந்த இன்டெல் மூன்றாம் தலைமுறைக்கு முந்தையது என்றால், மூன்று போர்ட் இருந்தாலும் ஒரே நேரத்தில் இரண்டு திரைதான் எரியும்.

போர்ட் பொருந்தாவிட்டால் கன்வெர்ட்டர் வாங்கலாம். ஆனால் அது ஒருவழிப் பாதை. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுவதைத் திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. கம்ப்யூட்டரில் என்ன போர்ட், திரையில் என்ன போர்ட் என்று இரண்டையும் சொல்லி வாங்குங்கள். 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல டிவி வீட்டில் இருந்தால் அதைத் தேட வேண்டாம். கன்வெர்ட்டர் போட்டுப் படத்தை வரவைத்தாலும் சின்ன எழுத்தைப் படிக்க முடியாது.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள். எர்த் சரியாக உள்ள மூன்று முனை பிளக்கில் போடுங்கள். டிவியில் வரும் கேபிள் ஒயரையும் அப்போது கழற்றி வையுங்கள், அதன் வழியாகவும் மின்கசிவு வரலாம்.

பிறகு டிவியில் சரியான எச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் கீயோடு 'பி'யை அழுத்தினால் டூப்ளிகேட், எக்ஸ்டெண்ட் எல்லாம் வரும். மூன்று திரைக்கும் தனித்தனியாகச் சொல்ல டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குப் போக வேண்டும். டிவியில் ஓரம் வெட்டுப்பட்டால், அதன் பட அளவு மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' வையுங்கள்.

ஒருநாள் திறந்த விண்ணப்பம் திரையில் தெரியாமல் போகும். பதறாதீர்கள். அது அணைத்து வைத்த டிவியில் போய் உட்கார்ந்திருக்கும். விண்டோஸ், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறியைத் தட்டுங்கள், உங்கள் பக்கம் வந்துவிடும்.