மனையில் ஒரு கெஜம் என்றால் எவ்வளவு?

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் மனை விசாரிக்கிறவர்களில் ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து கிரிவலத்துக்கு வருகிறவர்களும் உண்டு. அவர்கள் கேட்பது, "கெஜம் என்ன விலை?" நம் ஊர்க்காரர் சொல்வது சதுர அடியில், இல்லையென்றால் சென்ட்டில். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

கெஜம் என்பது 3 அடி, மீட்டரில் 0.9144. மடிசார் புடவையை ஒன்பது கெஜம் என்கிறோமே, அதே கெஜம்தான். பூக்காரம்மா கையால் அளக்கும் முழம் ஏறக்குறைய அதில் பாதி.

அப்படியானால் மனைக்கும் 3 அடி என்று கணக்குப் போடலாமா? கூடாது. புடவைக்கு நீளம் மட்டும் போதும். மனைக்கு அகலமும் வேண்டும். மனை விலையில் 'கெஜம்' என்றால் அது சதுர கெஜம் (3 அடிக்கு 3 அடி), அதாவது 9 சதுர அடி. பேச்சில் 'சதுர' விழுந்துவிடுகிறது, அவ்வளவுதான். சதுர அடி 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கெஜம் 13,500 ரூபாய். 200 கெஜம் கேட்டால் 1,800 சதுர அடி, நம் கணக்கில் 4 சென்ட்டுக்குச் சற்று மேல்.

ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அதாவது 48.4 சதுர கெஜம். விற்பவர் 435 என்று முழுதாக்கிச் சொன்னால் நீங்கள் பத்திரத்தில் உள்ள சதுர அடியையே பிடித்துக்கொள்ளுங்கள். பட்டாவில் ஏர்ஸ் (100 சதுர மீட்டர்) என்று இருக்கும். 3 சென்ட் மனை அதில் 1.21 ஏர்ஸ் என்று வரும். எண் சிறிதாகத் தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம்.

அளவு புரிந்துவிட்டது. இனி, 30-க்கு 40 அடி மனையில் வாசலுக்கும் தோட்டத்துக்கும் இடம் மிஞ்சுமா? முன்னும் பின்னும் 5 அடி, பக்கங்களில் 3 அடி விட்டால் வீட்டுக்கு 24-க்கு 30 கிடைக்கும். வெளியே 480 சதுர அடி. அது ஒரு சென்ட்டுக்கும் மேல்! ஆனால் நாலு பக்கமும் பட்டையாகச் சிதறிக் கிடக்கும். கோலம் போட, பொங்கல் வைக்க, ஒரு முருங்கை நட, பட்டை போதாது. வாசலிலோ பின்னாலோ ஒரே இடமாக 10 அடி விடுவது என் யோசனை. மழைநீர்த் தொட்டிக்கும் அங்கேயே இடம் ஆகும். எந்தப் பக்கம் கட்டாயம் எவ்வளவு விட வேண்டும் என்பது சாலை அகலம் போன்றவற்றைப் பொறுத்து மாறும். வரைபட அனுமதிக்கு முன் கேட்டுவிடுங்கள்.

அளவில் மட்டுமல்ல, சொல்லிலும் குழப்பம் உண்டு. இங்கே 'கொல்லை' என்றால் புன்செய் நிலம். தஞ்சாவூர்க்காரர் அதை வீட்டுப் பின்புறம் என்று நினைத்துவிடுவார். விற்பவர் அந்தச் சொல்லைச் சொன்னால், மனையாக மாற்றப்பட்டதா என்று கேளுங்கள்.

கடைசியாக டேப்பைக் கையில் எடுங்கள். நாலு பக்கமும் அளந்தால் போதாது, மூலைக்கு மூலையும் பிடித்துப் பாருங்கள். 30-க்கு 40 மனை நேராக இருந்தால் இரண்டு குறுக்கும் சரியாக 50 அடி வரும். ஒன்று 48, இன்னொன்று 52 என்று வந்தால் மனை கோணலாக இருக்கிறது, பரப்பும் குறையும். அட்வான்ஸ் கொடுக்காமல் முதலில் சர்வேயரைக் கூப்பிடுங்கள்.