ஓரெழுத்து மொழியும் ஒன்பதாவது துடிப்பும்

"ஆஸ்பெக்ட் நிரலாக்கம் மென்பொருள்காரர் சமாச்சாரம். சிப்புகள் பேசிக்கொள்வதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று பொறியியல் மாணவர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்.

பிலிப்ஸ் 1982இல் கொண்டுவந்த ஐ-டூ-சி பஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். இரண்டே கம்பி. ஒன்றில் தரவு, இன்னொன்றில் கடிகாரத் துடிப்பு. எட்டு பிட் போனதும் அனுப்புகிற சிப் தரவுக் கம்பியை விட்டுவிடும். ஒன்பதாவது துடிப்பில் பெறுகிற சிப் அதைக் கீழே இழுத்துப் பிடித்தால், 'வந்து சேர்ந்தது' என்று அர்த்தம். இழுக்காவிட்டால் கம்பி மேலேயே நிற்கும்.

முகவரி அனுப்பினாலும் தரவு எழுதினாலும் இந்த ஒன்பதாவது துடிப்பு வந்துவிடும். பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதை நிரலில் எத்தனை இடத்தில்தான் எழுதுவது? 'கடைசியாக வருகிறவர் கேஸை மூடணும்' என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அலுத்துப்போன என் அம்மா, ஒருநாள் அதைச் சமையலறைக் கதவிலேயே சாக்பீஸால் எழுதிவிட்டாள். யார் கதவைத் தாண்டினாலும் விதி பொருந்தும். ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்தில் கிரெகர் கிக்சாலெஸும் கூட்டாளிகளும் 1997இல் எழுதிய கட்டுரை இப்படிப்பட்ட விதிக்குத்தான் 'ஆஸ்பெக்ட்' என்று பெயர் வைத்தது.

சிப்பைச் சோதிப்பவர்களிடம் இதற்கென்றே ஒரு மொழி உண்டு. இஸ்ரேலின் யோவ் ஹாலண்டர் உருவாக்கியது, பெயர் 'ஈ'. நம் இலக்கணப்படி சுத்தமான ஓரெழுத்து ஒருமொழி! 2006இல் ஐஇஇஇ 1647 என்ற தரமாகவும் ஆனது. இதில் பைட் அனுப்பும் மாதிரியை ஒருவர் எழுதி முடித்துவிடுவார். இன்னொருவர் தனிக் கோப்பில் 'எக்ஸ்டெண்ட்' என்று ஆரம்பித்து, 'இஸ் ஆல்சோ' போட்டால் பழைய வேலை முடிந்ததும் புதியதும் நடக்கும். 'இஸ் ஃபர்ஸ்ட்' போட்டால் அதற்கு முன்பே நடக்கும். மூலக் கோப்பில் ஓர் எழுத்து மாறாது. ஒன்பதாவது துடிப்பில் வேண்டுமென்றே வாய் திறக்காத சிப்பைச் சில வரிகளில் செய்துவிடலாம். கோப்பை ஏற்றினால் போக்கிரி, எடுத்துவிட்டால் சாது.

மூன்றாவதாக 'இஸ் ஒன்லி' என்று ஒன்று உண்டு. பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை மட்டும் வைக்கும். அதைத் தொடுமுன் இரண்டு முறை யோசியுங்கள் என்பேன். மூலக் கோப்பைப் படிக்கிறவருக்கு, வேறெங்கோ அது செல்லாக்காசாகிவிட்டது தெரியவே தெரியாது. நான் முன்பு வேலைபார்த்த இடத்தில் ஐ-டூ-சி சோதனைகள் எல்லாம் பச்சையாகவே ஓடிக்கொண்டிருந்தன. ஒருநாள் பலகையில் ஒரு சென்சாரைக் கழற்றிவிட்டுப் பார்த்தோம், பதிலே தராத முகவரிக்கு எங்கள் சிப் பாட்டுக்குத் தரவு அனுப்பிக்கொண்டிருந்தது. தேடினால், பட்டியலில் கடைசியாக ஏறும் கோப்பில் ஓர் 'இஸ் ஒன்லி'. பதிலைச் சரிபார்க்கும் பகுதிக்குப் பதிலாக வெறும் அடைப்புக்குறி. மேலே 'தற்காலிகம்' என்று குறிப்பு. தேதி பதினொரு மாதம் பழையது.