விழா முடிஞ்ச பிறகு பேனர் எங்கே போகுது?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு பஸ்ஸில் போகும்போது சாலையோர வயல்களைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. வைக்கோல் போர் மேல மணமக்கள் தலைகீழாச் சிரிச்சுக்கிட்டிருப்பாங்க. மாட்டுக் கொட்டகைக்குள் சாரல் அடிக்காம ஒரு கட்சித் தலைவர் மறைச்சு நிப்பார். டீக்கடைக்குப் பின்னால் யாருக்கோ கண்ணீர் அஞ்சலி. கல்யாணமோ மாநாடோ முடிஞ்சதும் ஃப்ளெக்ஸ் பேனர் வந்து சேர்ற இடங்கள் இவைதான்.

இந்தப் பாதையில் பேனருக்குப் பஞ்சமே இல்லை. 2024-இல் மட்டும் நாடாளுமன்றத் தேர்தல், ஜூலையில் விக்கிரவாண்டி இடைத்தேர்தல், அக்டோபர் 27-ஆம் தேதி வி.சாலையில் தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநில மாநாடு. 10-க்கு 8 அடி பேனர் ஒண்ணு சுமார் 2 கிலோ எடை இருக்கும். விழா ஒரே நாளில் முடிஞ்சுடுது, அந்த 2 கிலோ முடியறதில்லை.

காயலான் கடைக்குப் போட முடியாதா?

பெரும்பாலும் வாங்க மாட்டாங்க. ஃப்ளெக்ஸ் என்பது ஒரே பொருள் அல்ல. நடுவில் பாலியெஸ்டர் நூல் வலை, இரண்டு பக்கமும் பி.வி.சி. பூச்சு, அதன் மேல் மை. இதையெல்லாம் பிரிச்செடுக்கிற செலவுக்குப் புது பேனரே வாங்கிடலாம்.

"அப்போ உருக்கி ரோடு போட்டுடலாமே?" என்று கேட்கத் தோணும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர்.வாசுதேவன் உருவாக்கிய பிளாஸ்டிக் சாலை முறையில் கேரி பேக் மாதிரியான பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லி மேல் பூசுவாங்க. அதில் பி.வி.சி.க்கு இடமில்லை. சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். போகிக்கு எரிச்சுடலாம்னு நினைச்சால், டையாக்சின் என்ற நச்சும் சேர்ந்து வெளிவரும்.

சட்டமும் இதைக் கொஞ்சம் நழுவ விட்டிருக்கு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அமலான பிளாஸ்டிக் தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் கொடி உண்டு, ஃப்ளெக்ஸ் பேனர் கிடையாது. 2022 ஜூலை 1-இல் வந்த மத்திய அரசின் தடை, 100 மைக்ரானுக்குக் குறைவான பி.வி.சி. பேனருக்கு மட்டும்தான். வழக்கமான ஃப்ளெக்ஸ் அதைவிடத் தடிமன் என்பதால் தப்பிச்சுடுது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம் பொறியாளர் இறந்த பிறகு எழுந்த கோபம்கூட, பேனரை எங்கே வைக்கலாம் என்பதைப் பற்றித்தான் பேசியது. கழற்றிய பிறகு என்ன செய்வது என்று யாரும் கேட்கலை. பக்கத்து மாநிலமான கேரளம் அதே 2019-இல் ஃப்ளெக்ஸையே தடை செய்தது.

எதுக்கு ஆகும், எதுக்கு ஆகாது?

ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டை நனையுதுன்னு வருஷா வருஷம் செய்தி வருது. அந்த மூட்டைகளுக்கு மேல் போர்த்த, வைக்கோலுக்கு, விறகுக்கு, டிராக்டருக்கு ஃப்ளெக்ஸ் நல்லாவே உதவும். ஓரத்தை மடிச்சுத் தைச்சு ஐலெட் அடிச்சுட்டா கயிறு இழுத்தாலும் கிழியாது. பெரிய பேனராக இருந்தால் காற்றுக்காகப் பிறை மாதிரி வெட்டு விட்டிருப்பாங்க, அதைப் பார்த்து ஒட்டுப் போடணும்.

கனமான ஊசி போட்டால் தையல் மெஷினிலேயே பை தைக்கலாம். சுவிட்சர்லாந்தின் ஃப்ரைடாக் நிறுவனம் 1993 முதல் பழைய லாரி தார்ப்பாயில் பை தைச்சு, அதையே ஃபேஷனாக்கி வித்துக்கிட்டிருக்கு. நம்ம பையில் மண்வெட்டி, ஸ்பேனர் வெச்சுக்கலாம். காய்கறி வேண்டாம், பிள்ளைகளின் புத்தகப் பையும் வேண்டாம்.

காரணம் இதுதான். பி.வி.சி. இயல்பிலேயே விறைப்பானது. அது வளையறதுக்காக தாலேட் போன்ற வேதிப்பொருள்களைச் சேர்க்கிறாங்க. சில ரகங்களில் ஈயமும் இருக்கும். எண்ணெய்ப் பசை உள்ள பொருளில் தாலேட் எளிதாக இறங்கும். அதனால் மணிலாப் பயிறு, எள் எல்லாம் ஃப்ளெக்ஸ் மேல் பரப்பிக் காயவைக்கிற பழக்கத்தை விட்டுடறது நல்லது.

சிலருக்கு அதுதான் கூரை

திண்டிவனம், விழுப்புரம் சுற்றுவட்டாரத்தில் இருளர் குடியிருப்புகள் நிறைய. பேராசிரியர் பிரபா கல்விமணி திண்டிவனத்தில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாக இந்த மக்களின் சாதிச் சான்றிதழுக்கும் மனைப் பட்டாவுக்கும் போராடி வருகிறார். பட்டா இல்லாத இடத்தில் யாரும் சுவர் எழுப்ப மாட்டாங்க. அதனால் குச்சி நட்டு, மேலே பேனர் போடுறாங்க. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழைக்கு ஃப்ளெக்ஸ் எந்த மூலைக்கு? இதை 'மறுபயன்பாடு'ன்னு பாராட்டிப் பேச எனக்கு வாய் வரலை.

ஆனாலும் உங்க வீட்டு விசேஷ பேனரை யாராவது கூரைக்குக் கேட்டால் தயங்காமக் கொடுங்க. ஆணி பிடுங்கின ஓட்டையை அடைச்சு, கிழியாத பேனராகக் கொடுங்க. அடுப்புக்கு மேல் வராமல் கட்டணும், சூட்டில் இளகும். வெயிலில் ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு வருஷம் தாங்கும். கையால் தேய்ச்சால் வெள்ளைப் பொடி ஒட்டினால் உதிர ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். ஐப்பசி மழைக்கு முன்னாடியே மாத்திடணும்.