கிளச் பெடல் ஏன் தொய்கிறது?

காரின் கிளச் பெடலை மிதிக்கிறோம். அது எதிர்ப்பின்றித் தரையைத் தொடுகிறது, கியர் விழவில்லை. காரணம் என்ன?

பல கார்களில் பெடலின் விசையைக் கிளச்சுக்குக் கொண்டுசெல்வது திரவமே. குழாயால் இணைந்த இரு சிலிண்டர்களில் பிரேக் ஆயில் நிறைந்திருக்கும். பெடலருகே உள்ளது மாஸ்டர் சிலிண்டர். கிளச்சருகே உள்ளது ஸ்லேவ் சிலிண்டர். அவற்றின் பிஸ்டன் பரப்புகள் முறையே 2, 3 சதுர செ.மீ. என்று கொள்வோம். முதல் பிஸ்டன் 3 செ.மீ. நகர்ந்தால் 6 கன செ.மீ. திரவம் தள்ளப்படும்; இரண்டாவது 2 செ.மீ. நகரும். பாஸ்கல் விதிப்படி அழுத்தம் எங்கும் சமமாகப் பரவுவதால் விசை ஒன்றரை மடங்காகும்.

திரவம் ஏறத்தாழ அமுங்காது, காற்று அமுங்கும். ஒழுக்கினால் உட்புகுந்த காற்று 3 கன செ.மீ. அமுங்கினால், இரண்டாவது பிஸ்டன் 1 செ.மீ.தான் நகரும். கிளச் முழுதாக விலகாது.

ஒழுகுமிடத்தை ஈரமே காட்டிக்கொடுக்கும். பெடலின் மேற்புறம் ஈரமென்றால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷரைப் பார்க்க வேண்டும். கியர் பெட்டியருகே ஈரமென்றால் ஸ்லேவ் சிலிண்டரை. எங்கும் ஈரமின்றிப் பெடல் மெல்ல அமிழ்ந்தால், மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே திரவம் வாஷரைத் தாண்டிப் பின்வாங்குகிறது எனலாம்.

சில கார்களில் கிளச்சுக்கும் பிரேக்குக்கும் ஆயில் கிண்ணம் ஒன்றே. ஒழுகுவது எது என்று அறியாமல், குறையக் குறைய ஊற்றி ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். என்ஜின் ஆயிலை ஊற்றினாலோ வாஷர்கள் உப்பிக் கெட்டுவிடும். பழுதைச் சரிசெய்து, ‘ஏர்’ எடுத்த பின்னரே வண்டியைச் சாலையில் இறக்க வேண்டும்.