இயந்திரங்கள் எழுதும் கணக்கேடு

நம்மவர் புலம்பெயர்ந்து சென்ற நாடுகளுக்கெல்லாம் சீட்டுப் பிடிக்கும் வழக்கத்தையும் உடன்கொண்டு சென்றனர். சீட்டுக் கணக்கு பெரும்பாலும் ஒருவரது கொப்பியிலேயே இருக்கும். அவர் கணக்கைத் திரித்தால் பல குடும்பங்களின் உழைப்பு வீணாகும். அக்கொப்பியின் பிரதி எல்லோரிடமும் இருந்து, பிரதிகள் ஒத்துப்போனாலன்றிப் புதிய வரி செல்லாது என்று விதித்தால் என்ன நிகழும்? எவரும் தனித்து ஏமாற்ற இயலாது. ‘புளொக்செயின்’ என்னும் தொடரேட்டின் அடிப்படை இதுவே. இதில் ஒவ்வொரு பக்கமும் முந்திய பக்கத்திலிருந்து கணித்த அடையாள எண்ணைத் தாங்கி நிற்கும். ஆதலால் பழைய பக்கமொன்றைத் திருத்தினால் அது உடனே வெளிப்பட்டுவிடும்.

2009இல் ‘பிற்கொயின்’ இம்முறையில் இயங்கத் தொடங்கியது. சிறுவயதில் ரஷ்யாவிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்து ரொறன்ரோவில் வளர்ந்த விற்றாலிக் பியூற்றரின், 2013இல் தமது பத்தொன்பதாவது வயதில் இதனை விரிவாக்கினார். “இது நிகழ்ந்தால் இதனைச் செலுத்து” என்ற நிபந்தனையையும் ஏட்டிலேயே எழுதிவைக்கலாம் என்றார். அவ்வாறு பிறந்த ‘எதீரியம்’ 2015இல் இயங்கலாயிற்று.

இயந்திரத்துக்கு வங்கிக் கணக்கு இல்லை, கையொப்பமும் இல்லை. எனினும் இவ்வேட்டில் எழுதுவதற்குரிய இரகசிய எண்ணை அதற்கு வழங்கலாம். 2016இல் நியூயோர்க் நகரின் புறூக்ளினில், ஒரு வீட்டுக் கூரையில் விளைந்த மிகுதிச் சூரிய மின்சாரம் அயலவருக்கு விற்கப்பட்டபோது, அதன் அளவை மின்மானிகளே ஏட்டில் பதிந்தன. அவ்வாறே, தன் உறுப்பொன்று தேய்ந்ததை உணரும் தொழிற்சாலைப் பொறி, புதியதைத் தானே வரவழைத்து விலையும் செலுத்துமாறு அமைக்கலாம்.

இதற்கும் விலை உண்டு. பிற்கொயின் ஏட்டைக் காக்கும் கணனிகள் பெருமளவு மின்சாரத்தை உண்பவை. நமது கியூபெக்கின் மலிவான நீர்மின்சாரத்தை நாடிப் பல நிறுவனங்கள் வந்தமையால், 2018இல் ஹைட்றோ-கியூபெக் புதிய விண்ணப்பங்களைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க நேர்ந்தது. எதீரியமோ 2022இல் முறையை மாற்றித் தன் மின்தேவையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் குறைத்துக்கொண்டது.

மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது. எழுதியதை மாற்றவிடாது ஏடு காக்குமேயன்றி, எழுதியது மெய்யா என்பதை அது அறியாது. மின்மானி பிழையாக அளந்தால் அப்பிழையும் அழியாது நிற்கும். அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் இயந்திரத்தை அமைத்த மனிதரே.

மாணவச் செல்வங்களே! தமிழில் ‘நாணயம்’ என்பது காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். காசைக் கையாள இயந்திரங்கள் கற்று வருகின்றன. நீங்கள் கணிதமும் கணனியும் கற்று, அவ்வியந்திரங்களை நேர்மையுடன் ஆக்குவோராய் விளங்குங்கள்.