ஆமணக்குப் புண்ணாக்கின் நஞ்சு

விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த நமக்கு, அதைப் பிழிந்தபின் மிஞ்சும் புண்ணாக்கு நஞ்சு என்பது வியப்பாக இருக்கலாம். ரிசின் என்னும் புரதம் எண்ணெயில் கரையாது, சக்கையிலேயே தங்கிவிடும். ஈரத்தோடு நன்றாக வேகவைத்தால் அதன் கட்டமைப்பு குலைந்து நஞ்சு முறிகிறது. சுண்ணாம்பு சேர்த்தும் முறிக்கிறார்கள். கொட்டையை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு எண்ணெய் எடுத்த நம் பாட்டிமார் முறையில் இந்த வேலை பாதி அடுப்பிலேயே முடிந்துவிடுகிறது என்பேன்.

சிக்கல் வேறிடத்தில். ஒவ்வாமை தரும் இன்னொரு புரதம் சூட்டுக்கு எளிதில் மசியாது. அமெரிக்காவின் டொலீடோ நகரில், ஆமணக்கு ஆலைத் தூசியால் அக்கம்பக்கத்தாருக்கு ஆஸ்துமா வந்ததை 1928-இல் இரு மருத்துவர்கள் எழுதினார்கள். ஆகவே இது தீவனமாவதைவிட உரமாகப் போவதே அதிகம். வீட்டுத் தோட்டத்தில் இதைப் போடுபவர்கள் கவனிக்க: நாய்கள் விரும்பித் தின்னும், நஞ்சு முறிக்காத உரம் அவற்றைக் கொன்றுமிருக்கிறது.