போரில் காணாமற்போனவனின் மனைவி

ஓட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சிக்குச் செல்வோர் அங்கே 1974-இல் எழுப்பப்பெற்ற நினைவுக் கோட்டையைக் காண்கின்றனர். கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலேற்றப்பட்டதையும், ஊமைத்துரை 1801 நவம்பரில் அதே முடிவை எய்தியதையும் இக்கரிசற் சீமையில் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பர். அதற்கடுத்த நிகழ்ச்சி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1802 பிப்ரவரியில், கிளர்ச்சியில் ஈடுபட்டோர் 73 பேரைக் கும்பெனியார் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினர். பாஞ்சாலங்குறிச்சியாரும் அவர்களுள் இருந்தனர். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் இருந்தார். சிறுவராய்ப் பிடிபட்ட துரைசாமியை 1818-இல் பினாங்கில் சந்தித்த வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், வயதுக்கு மீறி மூத்துத் தளர்ந்த ஒருவரைக் கண்டதாக எழுதி வைத்துள்ளார். கடத்தப்பட்ட ஆடவரின் பெயர்கள் ஆவணங்களில் உள்ளன. தூக்கிலேறியவனின் மனைவி கைம்பெண். கப்பலேறியவனின் மனைவி யார்?

போர் பெண்களுக்கு இழைக்கும் கொடுமை என்றவுடன் மானபங்கமே முதலில் நினைவுக்கு வருகின்றது. அக்குற்றத்துக்கு இன்று பன்னாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. 1998-இல் ருவாண்டாவுக்கான தீர்ப்பாயம் அதனை இனப்படுகொலையின் ஒரு வடிவமாகவே கண்டது. நாம் இங்கே எடுத்துக்கொள்வது ஓசையற்ற வேறொரு கொடுமை: மனைவியுமாகாமல், விதவையுமாகாமல் ஒருத்தி நிறுத்தப்படுவது. காஷ்மீரில் இத்தகையோரை ‘அரை விதவை’ என்றே அழைக்கின்றனர்.

இலங்கையில் இதன் கொடுமையை நம் சமுதாயமும் அறிந்துள்ளது. 1990 ஜூலையில் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகள் குருக்கள்மடத்தருகே விடுதலைப் புலிகளால் கடத்திக் கொல்லப்பட்டனர். ஹஜ்ஜிலிருந்து மீண்டோரும் அவர்களுள் அடங்குவர். ஜனாஸாக்கள் உறவினரிடம் ஒப்படைக்கப்படவில்லை. 2009-இல் போர் முடிந்தபோது இராணுவத்திடம் சரணடைந்த கணவரையும் மக்களையும் தேடும் தமிழ்ப் பெண்கள் 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரப் பந்தல்களில் அமர்ந்தனர். தேடிச் செல்பவள் தனித்த பெண். ஒரு கையெழுத்துக்காக அவளிடம் பாலியல் இலஞ்சம் கேட்கப்படும் அவலம் அங்கே பலமுறை பதிவாகியுள்ளது. மரணச் சான்றிதழ் வாங்கினால்தான் உதவி என்பர். வாங்கினாலோ, கணவனைத் தன் கையாலேயே சாகடித்ததாக அவள் உள்ளம் கூசும். 2016-இல் இலங்கைச் சட்டம் திருத்தப்பட்டு, இறப்பை ஒப்புக்கொள்ளாமலே குடும்பக் காரியங்களை நடத்த உதவும் ‘காணாமற்போனமைக்கான சான்றிதழ்’ ஏற்படுத்தப்பட்டது.

ஃபிக்ஹு நூல்களில் இதற்கெனவே ‘மஃப்கூத்’ என்னும் தனிப் பாடம் உண்டு. ஹனஃபீ மத்ஹபின் பழைய தீர்ப்புப்படி, காணாமற்போனவனின் சமவயதினர் அனைவரும் மறையும்வரை அவன் உயிருள்ளவனே. அவன் பிறந்து தொண்ணூறு ஆண்டு நிறையும்வரை எனச் சிலர் கணக்கிட்டனர். பாடம் நடத்துகையில் மாணவர் இவ்விடத்தில் புன்னகைப்பதுண்டு. இருபது வயதில் கணவனை இழந்தவளுக்கு அது ஆயுள் தண்டனை. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பிந்திய கருத்தும் மரணம் உறுதிப்படும்வரை காத்திருக்கவே சொல்கின்றது. நம் மாவட்டத்தில் காயல்பட்டினம் ஷாஃபிஈ, உள்நாட்டு ஊர்கள் பெரும்பாலும் ஹனஃபீ என்பதால், இரு வழியிலும் கதவு சாத்தியிருப்பதாகவே பலர் எண்ணுகின்றனர்.

உமர் (ரலி) அவர்களோ நான்காண்டு காத்திருந்து, பின்னர் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்து, மறுமணம் செய்யலாம் எனத் தீர்ப்பளித்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் மத்ஹபு இதன்மேல் அமைந்தது. நம் கவனத்துக்குரிய நுட்பம் யாதெனில், போரில் காணாமற்போனவனை அம்மத்ஹபு தனியே பிரித்து நோக்குகின்றது. முஸ்லிம்கள் தமக்குள் போரிட்ட களத்தில் மறைந்தவனாயின், படைகள் பிரிந்த நாளோடு இத்தா தொடங்கும். பிறரோடு நிகழ்ந்த போராயின் விசாரித்தபின் ஓராண்டு. போர் அணியில் மறைந்தவனின் மனைவி ஓராண்டு காத்திருப்பாள் என்பது தாபிஈன்களுள் ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்களின் கருத்துமாகும். வணிகத்துக்குப் போய் மறைந்தவனையும் பீரங்கிக்கு முன் மறைந்தவனையும் ஒரே தராசில் நிறுத்தாத இந்த விவேகத்தை நாம் போதிய அளவு கற்பிக்கவில்லை என்பதே நம் கருத்து.

இந்திய ஹனஃபீ உலமாக்கள் இதில் அசையாது நின்றுவிடவில்லை. மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) அவர்கள் ‘அல்-ஹீலத்துன் நாஜிஸா’ என்னும் நூலில், நிர்ப்பந்தத்தை முன்னிட்டு மாலிகீ தீர்ப்பை ஏற்றார்கள். 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும், நான்காண்டு கணவனைப் பற்றிய தகவலே இல்லையெனில் நீதிமன்றத்தை நாடும் உரிமையை மனைவிக்கு அளிக்கின்றது. தீர்ப்புக்குப்பின் ஆறு மாதங்களுக்குள் கணவன் திரும்பி வந்து, கடமையாற்ற ஆயத்தமெனில் தீர்ப்பு நீங்கும். 2013 டிசம்பரில் ஸ்ரீநகரில் பல பிரிவு உலமாக்கள் கூடி அரை விதவைகளுக்கு அறிவித்ததும் இந்த நான்காண்டே.

எனினும் கணக்கு எந்நாளில் தொடங்குகின்றது என்பதில் ஒரு வேறுபாடுண்டு. மாலிகீ நூல்களின்படி, காழியிடம் முறையிட்டு, தேடியும் பயனில்லை என்றான பின்னரே நான்காண்டு எண்ணப்படும். 1939-ஆம் ஆண்டுச் சட்டத்திலோ ஏற்கெனவே கழிந்த நான்காண்டு போதும். பத்தாண்டு காத்துவிட்டு ஜமாஅத்து வாசலுக்கு வருபவளிடம் இன்னும் நான்காண்டு என்று சொல்ல நேர்வது இதனால்தான். நீண்ட நாள் காத்திருந்து, இனியும் தனித்திருந்தால் பாவத்தில் விழ நேரும் என அஞ்சுபவளுக்கு ஓராண்டே போதும் என்னும் சலுகை தானவீ (ரஹ்) அவர்களின் நூலிலேயே இருக்கின்றது. எனினும், முதன்முறை அவள் வந்து சொன்ன நாளிலேயே மனுவை எழுத்தில் பெற்று, தேதியிட்டு, ஜமாஅத்துப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் அந்தப் பத்தாண்டும் வீணாகாது.